கைநாட்டு வாங்கும் முன் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றவளை நடுத்தெருவில் விட்ட பிள்ளை பற்றிய செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கும் பாட்டியின் படம், கீழே நாலு வரி. படிக்கிற எல்லோரும் பிள்ளையைத் திட்டுகிறோம். ஆனால் அந்தப் பாட்டி பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அங்கே என்ன நடந்தது, அவரிடம் யார் என்ன சொன்னார்கள், அவர் என்ன புரிந்துகொண்டு போட்டார் என்பது எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. நிருபரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அதை யாருமே கேட்டு எழுதி வைக்காததால் அவருக்கும் அது கிடைப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் வடசென்னையில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். துறைமுகம், ரயில்வே, ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். என்று உழைத்து ஓய்ந்தவர்களும், அவர்கள் போன பிறகு குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவிமார்களும்தான் எங்கள் கிளைக்கு முக்கியமான ஆட்கள். 1996-ல் பின்னி மில் மூடியபோது கிடைத்த பணத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டு அந்த வட்டியில் காலம் தள்ளியவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டிலிருக்கிறேன், அக்கம்பக்கத்தில் யாருக்காவது பாரம் நிரப்ப வேண்டும், ஆயுள் சான்று கொடுக்க வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பழைய பழக்கம் விடவில்லை, பாஸ்புக்கைக் கையில் வாங்கினால் கண் தானாகவே கணக்கைப் பார்க்கும்.

எங்கள் பக்கம் நிலைமை எப்படி என்றால், வருமானம் குறைவு, ஆனால் இடம் இருக்கிறது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் சந்துகளில் அப்பா காலத்தில் வாங்கிப்போட்ட அரை கிரவுண்டில் ஓட்டு வீடு, இல்லாவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதில் ஒரு வயதான அம்மா தனியாக. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு அந்த இடத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத தங்கச்சி மகன் திடீரென்று பழத்தோடு வருகிறான். பாசத்தோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள், எல்லோரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. யார் எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. கணவர் துறைமுகத்தில் இருந்தவர். அந்தம்மாவுக்கு ஒரு பழக்கம், பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்ததும் ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பக்கத்தில் பென்சிலால் டிக் போடுவார். பென்ஷன் வந்தது டிக், கரண்ட் பில்லுக்கு எடுத்தது டிக், வட்டி வந்தது டிக். வருஷக்கணக்கில் அப்படியே இருந்தது. ஒருநாள் ஆயுள் சான்றுக்காக அந்த பாஸ்புக்கை வாங்கிப் பார்க்கிறேன், ஒரு கட்டத்தோடு டிக் நின்றுவிட்டது. அதற்குக் கீழே பென்ஷன் ஏறிய மறுநாளே ஏ.டி.எம்.மில் மொத்தமாக எடுத்த வரிகள், அப்புறம் ஒரு டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னாலேயே உடைத்த வரி. அந்தம்மா வாழ்நாளில் ஏ.டி.எம். கார்டைத் தொட்டவர் இல்லை. "மெசேஜ் வருதா பெரியம்மா?" என்று கேட்டால், "அந்த நம்பர இப்ப தம்பி பாத்துக்குறான்" என்கிறார். வங்கிக் கணக்கில் இருந்த செல் நம்பரையே மாற்றியிருக்கிறார்கள்.

அதற்குள் வீடும் தான செட்டில்மெண்ட் ஆகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தம்மாவிடம் பேர் என்ன, புருஷன் பேர் என்ன, கையெழுத்து நீங்கள் போட்டதுதானே என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே ஒரு டாக்டரிடம் சர்டிபிகேட்டும் வாங்கி வைத்திருந்தார்கள், "சுயநினைவுடன், தெளிவாக இருக்கிறார்" என்று. ஆனால் நான் உட்காரவைத்துக் கேட்டபோது அந்தம்மா சொன்னது: "பையன் கடை வைக்க லோன் வாங்குறான், அதுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டுக் குடுத்தேன், லோன் முடிஞ்சதும் பத்திரம் திரும்ப வந்துரும்." வீடு கைமாறிவிட்டது என்பதே அவருக்குத் தெரியாது.

அங்கே யாரும் சட்டத்தை மீறவில்லை. பெயர் கேட்டார்கள், ஆதார் பார்த்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இவர்தான் அவர் என்பது நூறு சதவீதம் உறுதியானது. அவர் என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரியுமா என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பதிவுச் சட்டம் 1908, பிரிவு 35-ல் சார்பதிவாளருக்கு ஒரு கடமை இருக்கிறது, எழுதிக் கொடுப்பவர் மனநிலை சரியில்லாதவராகத் தோன்றினால் பதிவை மறுக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரியம்மா யாருக்கும் அப்படித் தோன்ற மாட்டார். நல்ல புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, எதிரில் வருகிறவர்களை "நல்லா இருக்கியாப்பா" என்று விசாரிக்கிற மனுஷி. இன்றைக்கு என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று கேட்டால் நம்மைவிட வேகமாகச் சொல்வார்.

இதுக்கு நேர் எதிராக இன்னொரு பெரியவர். காசிமேட்டுப் பக்கம், ஒரு காலத்தில் சொந்தப் போட் வைத்திருந்தவர். தேதி கேட்டால் தெரியாது, காலையில் சாப்பிட்டதைக் கேட்டால் யோசிப்பார். அவர் வங்கியில் இருந்த பணத்தில் ஒரு பகுதியை, படுத்த படுக்கையாக இருந்த மனைவியைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கொடுக்க நினைத்தார். மகன்கள் கிளைக்கு வந்து ஒரே சத்தம். "அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, கணக்கை முடக்குங்க" என்றார்கள். நான் அவரைத் தனியாகக் கேட்டேன். யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று சொன்னார். மீதி எவ்வளவு இருக்கும், அது மருந்துக்கும் சோத்துக்கும் போதும் என்றும் சொன்னார். பையன்களுக்கு ஏற்கெனவே போட்டைக் கொடுத்தாயிற்று என்றார். இதில் என்ன குறை இருக்கிறது? தேதி தெரியாத அந்த மனுஷன் தன் பணத்தைப் பற்றித் தெளிவாக இருந்தார். தேதி தெரிந்த பெரியம்மாவுக்குத் தன் வீட்டைப் பற்றித் தெரியவில்லை.

ஆக, "ஆள் நிதானமா இருக்காரா" என்று பொதுவாகக் கேட்கிற கேள்வி இந்த இடத்தில் உதவாது. இந்த ஒரு முடிவைப் பற்றி, இந்த ஒரு கையெழுத்தைப் பற்றி, அவருக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்க வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. வெளிநாட்டில் இதை ஒரு துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். 1988-ல் ஆப்பல்பாம், கிரிஸ்ஸோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு நோயாளியால் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்க முடியுமா என்று எப்படிப் பார்ப்பது என்பதற்காக நான்கு திறன்களைச் சொன்னார்கள். தன் விருப்பத்தைச் சொல்ல முடிகிறதா, சொன்ன தகவல் புரிகிறதா, அது தனக்கு என்ன செய்யும் என்று உணர்கிறாரா, இதுவா அதுவா என்று ஒப்பிட்டுக் காரணம் சொல்ல முடிகிறதா. டெட்ராய்ட்டில் இருக்கும் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லிக்டன்பர்க் என்ற உளவியல் பேராசிரியர் இதையே பண விஷயத்துக்குக் கொண்டுவந்தார். முதியவர் எடுத்திருக்கிற, அல்லது எடுக்கப்போகிற, ஒரு குறிப்பிட்ட பண முடிவை எடுத்துக்கொண்டு அவரிடமே கேட்டு மதிப்பிடும் ஒரு அளவுகோலை உருவாக்கினார். அது பெரியது, நிபுணர்களுக்கானது. அதிலிருந்து பத்தே கேள்விகள் கொண்ட சின்ன வடிவம் ஒன்றையும் செய்தார்கள். வங்கிக்காரர், வக்கீல், முதியோர் பாதுகாப்புப் பணியாளர் மாதிரி முதலில் விஷயத்தைப் பார்க்கிறவர்கள் கேட்பதற்காக. அந்தக் கேள்விகளைப் படித்தபோது, இதைக் கேட்க எம்.டி. படித்திருக்க வேண்டியதே இல்லையே என்றுதான் தோன்றியது.

என்ன முடிவு எடுத்திருக்கிறீர்கள் என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். இது உங்கள் யோசனையா, வேறு யாராவது சொன்னார்களா, இப்போது யாராவது கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களா? எதுக்காகச் செய்கிறீர்கள்? இதனால் இப்போதும், இன்னும் நாலைந்து வருஷம் கழித்தும் உங்கள் நிலைமை எப்படி இருக்கும்? இதில் உங்களுக்கு என்ன ஆபத்து? யாருக்காவது நஷ்டமா? இதில் அதிக லாபம் யாருக்கு? ஏற்கெனவே உயிலிலோ வாய் வார்த்தையாகவோ யாருக்காவது தருவதாகச் சொன்னதை இது மாற்றுகிறதா? இதைப் பற்றி யாரிடமெல்லாம் பேசினீர்கள்? சாரம் இவ்வளவுதான். எங்கள் பெரியம்மாவிடம் "இதில் லாபம் யாருக்கு, நாளைக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்" என்ற இரண்டை மட்டும் கேட்டிருந்தால்கூட, "ஏன், என் வீட்டுலதான்" என்ற பதிலிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பெரிய வடிவத்தில் இன்னொன்றும் சேர்த்துப் பார்க்கிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆளின் சூழ்நிலை. பணத்தைப் பற்றிய கவலை இருக்கிறதா, தனிமையா, சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தாரா, ஒரே ஒருவரை மட்டும் நம்பியிருக்கிறாரா, அந்த ஒருவர் கோபித்துக்கொண்டால் சோறும் மருந்தும் நின்றுவிடும் என்ற பயம் இருக்கிறதா. புத்தி முழுசாக இருந்தாலும் இந்தப் பயத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. கணவர் இறந்து பத்து நாள் காரியம் முடிவதற்குள் வாரிசுப் பேப்பரோடு சேர்த்து இன்னும் நாலு பேப்பரில் கையெழுத்து வாங்குவது எங்கள் பக்கம் சாதாரணம். அழுது வீங்கிய கண்ணோடு, எதிலே போடணும் என்று மட்டும் கேட்டுப் போட்டுக் கொடுப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் அது தப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ம் வருஷத்தது. அதன் 12-ம் பிரிவு, ஒப்பந்தம் செய்கிற நேரத்தில் அதைப் புரிந்துகொள்ளவும், அது தன் நலனை எப்படிப் பாதிக்கும் என்று யோசித்து முடிவு செய்யவும் முடிகிறவரைத்தான் தெளிந்த மனமுள்ளவர் என்கிறது. பேரும் தேதியும் சொல்லத் தெரிந்தால் போதும் என்று எங்கும் இல்லை. 16-ம் பிரிவு இன்னும் நேராக வருகிறது: வயது, நோய், மன வேதனை, உடல் வேதனை காரணமாக மனத்திறன் பாதிக்கப்பட்ட ஒருவரிடம் ஒப்பந்தம் செய்கிறவர் அவர்மேல் ஆதிக்கம் செலுத்தக்கூடிய இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். பேரம் பார்த்த மாத்திரத்திலேயே அநியாயமாகத் தெரிந்தால், நான் வற்புறுத்தவில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அந்த ஆதிக்கக்காரருடையது, பாட்டியுடையது இல்லை. நூற்றைம்பது வருஷமாகப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு சிவில் கோர்ட்டுக்குப் போய் முடிவு தெரிவதற்குள் பாட்டி இருப்பாரா?

அதனால்தான் 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். 60 வயதான எவரும் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அதன் 23-ம் பிரிவுப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டுமா என்பதில் பெரிய இழுபறி. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை இருந்தது நிரூபணமாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், இது முதியோருக்கு உதவ வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதே 2025-ல் நம் சென்னை உயர் நீதிமன்றமும் நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில், அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தேன் என்றாலே பார்த்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது என்ற பக்கம் நின்றது. நல்ல தீர்ப்புகள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் கவனியுங்கள், இங்கேயும் கேள்வி "அப்புறம் சோறு போட்டானா" என்பதுதான். எழுதும்போது அவருக்குப் புரிந்ததா என்பது இங்கேயும் பின்னுக்குப் போய்விடுகிறது. எங்கள் பெரியம்மாவுக்கு அந்தப் பையன் இன்றைக்கும் மூன்று வேளை சோறு போடுகிறான். அப்போது அவர் என்ன என்று மனு எழுதுவார்?

கோட்டாட்சியர் விசாரணை எப்படி நடக்கிறது என்று கூடப்போய்ப் பார்த்திருக்கிறேன், எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. ஒரே அறையில் அம்மா ஒரு பக்கம், மகன் மருமகள் எதிர்ப்பக்கம். "சொல்லுங்கம்மா, நீங்களாத்தான எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டால், சாயங்காலம் திரும்பிப் போக வேண்டியது அந்த மகன் இருக்கும் வீட்டுக்குத்தான் என்று தெரிந்த அம்மா என்ன சொல்வார்? "ஆமா சார்" என்றார், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே. ஆமா போடுகிற மாதிரிக் கேள்வி கேட்டால் ஆமாதான் வரும். என்ன எழுதிக் கொடுத்தீர்கள், ஏன், என்ன ஆகும் என்று அவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டிய மாதிரி, மகன் வெளியே இருக்கும்போது கேட்க வேண்டும். அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் மேஜையில் பட்டா, சாதிச் சான்று என்று ஆயிரம் கோப்பு. இப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒரு தாள் யாரும் கொடுத்ததில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இது அவசரம். மறதி நோயில் பேச்சு ரொம்ப நாள் வரைக்கும் நன்றாக இருக்கலாம், பணக் கணக்கு முன்னாலேயே தளர ஆரம்பித்துவிடும். மீதிச் சில்லறை எண்ணுவது, பில்லைச் சரிபார்ப்பது, இவன் சொல்வது ஏமாற்று என்று மோப்பம் பிடிப்பது, இதெல்லாம் முதலில் போகிறவற்றில் சேரும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்த டாக்டரிடமும் காட்டாமல், "வயசாயிடுச்சு, மறதி" என்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். பென்சில் டிக் நின்றுபோவதை வீட்டில் யார் கவனிக்கிறார்கள்?

கேட்கிற விதத்தைப் பற்றி அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். முதலில் கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். காது கேட்காத பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். காலையில், சாப்பிட்ட பிறகு கேளுங்கள். சர்க்கரை இறங்கியிருந்தால், சிறுநீரில் தொற்று இருந்தால், புது மாத்திரை ஆரம்பித்திருந்தால் நேற்று தெளிவாக இருந்தவர் இன்று குழம்புவார், நாலு நாளில் சரியாகிவிடும், அந்த நாலு நாளில் எதிலும் கையெழுத்து வேண்டாம். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பேன். அரசு ஆஸ்பத்திரி வார்டில் என் கண்ணால் பார்த்தேன், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒருத்தர் சட்டைப் பையிலிருந்து இங்க் பேடை எடுத்து, தூங்குகிறவரின் இன்னொரு கைக் கட்டைவிரலைப் பிடித்து அழுத்துகிறார், துடைப்பதற்குப் பஞ்சையும் அங்கிருந்த நர்ஸிடமே கேட்கிறார். நர்ஸ் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்.

அடுத்தது மொழி. வடசென்னையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள் எத்தனை பேர். தமிழே பேசுகிறவர்களுக்கும் பத்திரத் தமிழ் புரியாது, "மேற்படி ஷெட்யூல் சொத்தை சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்" என்று வேகமாக வாசித்துவிட்டு "படிச்சுக் காட்டியாச்சு" என்பது எந்தக் கணக்கில் சேரும்? அவர் பேச்சில் சொல்லி, அதை அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "இனிமே இந்த வீடு என்னுது இல்ல, அவனுது. அவன் வித்தா நான் தடுக்க முடியாது." இந்த ரெண்டு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தால் அப்புறம் நிம்மதியாகப் பதியுங்கள். வரவில்லையென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஒரு வாரம் பொறுக்க மாட்டேன், இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று கூட வந்தவர் குதித்தால் அதையும் எழுதி வையுங்கள்.

எழுதி வைப்பதுதான் முக்கியம். அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு வைத்துவிட்டால், பின்னால் எந்தக் கோர்ட்டுக்கு விஷயம் போனாலும் அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இருக்கும். உண்மையான பாசத்தில் வாங்கிய பிள்ளைக்கும் அதே தாள்தான் பாதுகாப்பு. நாளைக்கு அக்காவோ தம்பியோ "அம்மாவை மிரட்டி எழுதி வாங்கிட்டான்" என்று வந்தால் அவன் எதைக் காட்டுவான்? டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள், "தெளிவாக இருக்கிறார்" என்று ஒற்றை வரி சர்டிபிகேட் கொடுக்காதீர்கள். எந்த முடிவுக்காக வந்தார், என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கோ, 2024-ல் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். பத்துக் கேள்வி நோயைக் கண்டுபிடிக்காது, இங்கே நின்று பார் என்று சொல்லும், அவ்வளவுதான்.

என் பழைய துறைக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கவுண்டரில் இருக்கிறவருக்கு முதலில் தெரிந்துவிடும். எப்போதும் தனியாக வருகிறவர் புது ஆளோடு வருகிறார், கேள்வி பாட்டியிடம், பதில் அந்த ஆளிடமிருந்து, டெபாசிட்டை உடைக்கிறார்கள், நாமினியையும் செல் நம்பரையும் ஒரே நாளில் மாற்றுகிறார்கள். கையெழுத்துப் போட முடியாத முதியவரிடம் கைரேகை வாங்கினால் இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அந்த அதிகாரி ரேகை விழுந்ததை மட்டும் பார்க்காமல், கூட வந்தவரை "கொஞ்சம் வெளிய உக்காருங்க தம்பி" என்று அனுப்பிவிட்டு இரண்டு நிமிஷம் பேசினால் எவ்வளவோ தடுக்கலாம். அமெரிக்காவில் பங்கு முதலீட்டு நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் "உங்கள் கணக்கில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் யாரைக் கூப்பிடலாம்" என்று ஒரு நம்பிக்கையான ஆளின் பெயரை வாங்கி வைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று 2018-லிருந்து விதி இருக்கிறது, சந்தேகம் வந்தால் பணம் போவதைச் சில நாள் நிறுத்தி வைக்கவும் இடம் இருக்கிறது. நம் வங்கிகளில் கணக்குத் தொடங்கும் பாரத்தில் அப்படி ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்?

டிஜிட்டல் கைது மோசடிக்கும் இதே மருந்து கொஞ்சம் கேட்கும். போலீஸ் என்று சொல்லி வீடியோவில் மிரட்டி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டிப்போட்டு, வாழ்நாள் சேமிப்பை மாற்றச் சொல்கிறான். அந்த நேரத்தில் வங்கியில் ஒருவர் "யார் சொல்லி அனுப்புறீங்க, யார்கிட்ட பேசுனீங்க" என்று அன்பாகக் கேட்டால் அந்தப் பிடி தளர வாய்ப்பு இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே ஆபத்தாகிவிடும். வயதானவர் பணத்தைக் கொடுக்கிறார் என்றாலே ஏமாற்று என்று முடிவு கட்டக் கூடாது. இங்கிலாந்தில் 2005-ல் வந்த மனத்திறன் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: ஒருவர் எடுத்த முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரால் முடிவெடுக்க முடியாது என்று கருதக் கூடாது. திறன் இருக்கிறது என்றுதான் தொடங்க வேண்டும், இல்லை என்கிறவர்தான் காட்ட வேண்டும். காசிமேட்டுப் பெரியவரின் பணம் அவர் வலை இழுத்துச் சம்பாதித்தது. அதைக் கோவிலுக்குக் கொடுக்கலாம், சர்ச்சுக்குக் கொடுக்கலாம், மகனைவிட்டு மகளுக்குக் கொடுக்கலாம், பிரியாணி வாங்கித் தெருவுக்கே போடலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்பதால் அவருக்குப் புத்தி கெட்டுவிடாது. கேள்வி கேட்பது அவர் கையைக் கட்டிப்போட இல்லை. அவர் முடிவு அவருடையதுதானா என்று தெரிந்துகொள்ள. அவருடையதுதான் என்று தெரிந்தால் நாம் எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

பெரியம்மா விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். புகார் கொடுக்க மாட்டேன் என்கிறார், "அவன உள்ள வச்சுட்டா நாளைக்கு எனக்குக் கொள்ளி போட யாரு?" என்கிறார். அதுவும் அவர் முடிவு, புரிந்தே எடுத்த முடிவு, எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் நான் மீற முடியாது. ஏ.டி.எம். கார்டை முடக்கி, செல் நம்பரை அவர் நம்பருக்கே மாற்ற மட்டும் சம்மதித்தார். வங்கியில் அதைச் செய்துவிட்டோம். மிச்சம் இருக்கும் ஒரு டெபாசிட் அவர் பேரில் பத்திரமாக இருக்கிறது.

பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து 60 வயதைத் தாண்டியவர் எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரத்துக்கும் பவர் பத்திரத்துக்கும் இந்த மாதிரி ஒரு பக்கக் கேள்வித் தாளைக் கட்டாயமாக்க வேண்டும், வீட்டுக்கு வந்து பதிவு செய்யும்போது இன்னும் கண்டிப்பாக. பராமரிப்புச் சட்ட விசாரணையில் முதியவரைத் தனியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும், புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. அது வருகிற வரைக்கும் நீங்கள் ஒன்று செய்யலாம். மேலே சொன்ன கேள்விகளை ஒரு கட்டத்தில், வயதானவர்கள் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில், முதியோர் உதவி எண் 14567-உடன் சேர்த்து, பென்ஷன் போடுகிற வாரத்தில் ஒருநாள் வெளியிடுங்கள். நான் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் எங்கள் பகுதி வங்கிகளில் ஒட்டச் சொல்லிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.